சோக்குத் தூளில் ஓர் ஈரக்கோடு

நாட்டில் எதற்கெடுத்தாலும் தட்டுப்பாடு வந்து, எல்லோரும் வரிசையில் நின்று ஓய்ந்திருந்த காலம். ஹல்துமுல்லை என்ற மலையோர ஊரில் ஒரு கராஜில் நடந்தது இது.

நாற்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் நான். வேலை விட்டு நின்றபோது கைக்கு வந்த சேமலாபப் பணத்தில் ஒரு பழைய டீசல் வேன் வாங்கினோம். ஓட்டுவது மகன் என்றாலும் சொந்தக்காரி நான்தான். எங்கள் தோட்டத்தில் வேன் வைத்திருக்கிற பொம்பளை வேறு யாரும் இல்லை. அந்தப் பெருமையை நான் மறைத்ததும் இல்லை. தினமும் காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஏற்றம் ஏறி அப்புத்தளைப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வேன் அது.

பள்ளிக்கூட லீவு முடிய மூன்று நாள் இருக்கும்போது, வேன் ஏற்றத்தில் தண்ணீர் கொதித்து நின்றுவிட்டது. கயிறு கட்டி இழுத்து வந்தோம். கராஜ்காரர் என்ஜினைப் பிரித்து, மேலே மூடி மாதிரி இருக்கிற கனமான இரும்பை வெளியே எடுத்தார். ஹெட் என்பார்கள். அது நல்லதாக இருந்தால் திங்கட்கிழமை வேன் ஓடும். கழித்துவிட்டால், வேறொன்று கிடைக்க எத்தனை வாரமோ. அதுவரை பிள்ளைகள் காத்திருப்பார்களா? வேறு வேனுக்குப் போய்விடுவார்கள்.

கராஜ்காரரின் அம்மாவும் நானும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள். அந்த உரிமையில், அவர் வாய் திறக்கும் முன்பே நான் ஒரு ஸ்பானரை எடுத்து ஹெட்டைத் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. நல்ல இரும்பு, திருப்பி என்ஜினில் பூட்டு என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சட்டி வாங்குற மாதிரி தட்டுறீங்களே, பெரியம்மா."

"ஒங்கம்மா வீட்டுச் சட்டியெல்லாம் நான் தட்டிப் பாத்து வாங்கிக் குடுத்ததுதான். ஒண்ணாச்சும் ஒழுகிச்சான்னு கேட்டுப் பாரு."

அவர் ஹெட்டைத் துடைத்து, மேலெல்லாம் மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டார். பிறகு சொட்டு ஈரம் இல்லாமல் துணியால் துடைத்தார். வெள்ளைச் சோக்குக் கட்டியைப் பொடித்து மேலே பூசினார். கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார்.

நானும் மகனும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் வெறும் வெள்ளைதான். அப்புறம் இரண்டு குழிகளுக்கு நடுவில், தலைமயிர் அகலத்தில் ஓர் ஈரக்கோடு மெல்ல எழுந்து வந்தது. வெடிப்புக்குள் போன எண்ணெய் வெளியே வருகிறது என்றான் மகன்.

நான் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். வேனை நினைத்து அல்ல.

முன்பு நாங்கள் மலை அடியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீடுகளான ஒரு லயத்தில் இருந்தோம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நடுவில் ஒரே சுவர். அதில் ஒரு வெடிப்பு விட்டது. அவள் விரலை வைத்துப் பார்த்து, போன மாதத்தைவிடப் பெரிதாகி இருக்கிறது, தோட்டத்து ஆபீசில் சொல்லுவோமா என்று கேட்டாள். லயம் என்றால் வெடிக்கத்தான் செய்யும் என்று நான் அவளை அடக்கினேன். மண் குழைத்து அடைத்து, தீபாவளிக்கு இரண்டு பக்கமும் என் கையாலேயே சுண்ணாம்பு அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மழை விடாத ஒரு காலையில், நாங்கள் வேலைக்குப் போயிருந்த நேரம், மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கியது. காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தவள் அவள்.

சொல்லியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா, தெரியாது. நானும் சொல்லவில்லை, அவளையும் சொல்லவிடவில்லை. அது தெரியும். இதைப் படிக்கும்போதுதான் என் மகனுக்கே தெரியவரும்.

கராஜ்காரர் வந்து கோட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஒட்டிக் குடுக்கலாம், பெரியம்மா. ரெண்டு மாசமும் ஓடலாம். ரெண்டு நாள்லயும் விட்டுடலாம். ஏத்தத்துல என்ஜின் இறுகிட்டா பிரேக்கும் கல்லாயிடும், மிதிச்சாலும் பிடிக்காது. பிள்ளைங்க போற வண்டி. நீங்களே சொல்லுங்க."

மகன் என் முகத்தைப் பார்த்தான். ஒட்டச் சொல்லுவேன் என்றுதான் நினைத்திருப்பான்.

"வேணாம் தம்பி. பூட்டாத," என்றேன்.

அடுத்த ஹெட் கிடைக்க ஏழு வாரம் ஆனது. பாதிப் பிள்ளைகள் திரும்பி வரவில்லை. சொந்தக்காரி வேன் படுத்துவிட்டது என்று தோட்டத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

மண்ணைக் குழைத்துக்கொண்டு அந்தச் சுவரின் முன்னால் நின்றபோதே சொல்லியிருக்க வேண்டிய ‘வேணாம்’ என்ற ஒரு வார்த்தையை, இத்தனை வருடம் பிந்தி ஓர் இரும்புத் துண்டின் முன்னால் சொன்னேன். அது அவளுக்குக் கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.