மருதமுனைப் புடவையில் ஒரு கூடாரம்

போன கிழமை கல்முனையில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நாலைந்து பெரிய மோட்டார் சைக்கிள்கள் நின்றன. கொழும்புப் பிள்ளைகள், பொத்துவில் பக்கம் போகிறார்களாம். ஒருவன் சீட்டுக்குப் பின்னால் தலையணை அளவில் ஒரு பையைக் கட்டியிருந்தான். என்ன என்று கேட்டேன். கூடாரம் என்றான், உதறினால் தானாகவே விரிந்துவிடுமாம். என்னையறியாமல் குனிந்து அதை மோந்து பார்த்துவிட்டேன். புது பிளாஸ்டிக் வாளி மணந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. கூடாரம் என்றால் கஞ்சிப் பசையும் மண்ணெண்ணெயும் மணக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர்தான். மற்றவன் ரசீன்.

ரசீன் மருதமுனையில் தறி நெய்தவன். நான் கல்முனையில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சூறாவளி அடித்து அடுத்த வருடம் என்று நினைவு. தலையில்லாத தென்னைகள் ஊரெங்கும் அப்படியே நின்றன. ஒரு நாள் கடைக்கு வந்தவன், "மச்சான், பொத்துவிலுக்குப் போய்க் கடற்கரையில கூடாரம் அடிச்சி ரெண்டு நாள் இரிப்பமா?" என்றான். எனக்கும் வயது இருபத்தைந்துக்குள்தான்; ஏன் எதற்கு என்று கேட்கிற வயதா அது?

அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தாவின் கணவரிடம் கெஞ்சி அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினேன். பெற்றோல் போட்ட பிறகு கையில் மிஞ்சியது தேத்தண்ணிக் காசுதான். அரிசி, கருவாடு, தேங்காய், ஒரு கறுத்த சட்டி எல்லாம் எங்கள் குசினியிலிருந்து வந்தன. கடல் பார்க்கப் போகிறோம் என்று சொன்னதும் ரசீனின் உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்ப நம்மட வளவுக்குப் பின்னால கிடக்கிறது என்ன, குளமா?"

கூடாரத்தை ரசீனே செய்தான். அவன் நெய்து, சாயம் சரியில்லையென்று வியாபாரி திருப்பிக் கொடுத்த படுக்கை விரிப்புகள் கொஞ்சம் கிடந்தன. சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடும், தறியில் போட்ட கஞ்சிப் பசை மணம் போகாத துணி. அவற்றை ஒட்டித் தைத்து, நாலு மூலையிலும் கயிறு கட்டி, "வெள்ளைக்காரன்ட கூடாரம்கூட இப்பிடி வடிவா இரிக்காது" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை. விளக்குக்கென்று கட்டிய மண்ணெண்ணெய்ப் போத்தல் காரைதீவு தாண்டுவதற்குள்ளேயே கசிந்து, அந்த அழகில் ஊறிவிட்டது.

அக்கரைப்பற்றில் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உண்மையைச் சொன்னான். பொத்துவிலில் அவனுக்குப் பெண் பேசியிருக்கிறார்கள். நாளை மறுநாள் வாப்பாவுக்கு முடிவு சொல்ல வேண்டும்.

"பொண்ணையா பாக்கப் போற?" என்றேன் திடுக்கிட்டு.

"இல்லடா. ஊரை."

எங்கள் பக்கத்துக் கலியாணம் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே வீடும் வளவும் கிணறும் பெண்ணுக்குரியவை. மாப்பிள்ளைதான் பெட்டியோடு போய் அங்கே இறங்க வேண்டும். ஆனால் போய் இறங்கப் போகிற இடத்தை முன்கூட்டிப் பார்த்தவன் என்று எங்கள் ஊரில் ஒருவனைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. பெண் வீட்டாருக்குத் தெரிந்தால், நம்மைச் சந்தேகப்படுகிறான் என்று பேச்சையே முறித்துவிடுவார்கள். அவனுடைய வாப்பா பிறகு அந்த ஊர்ச் சந்தையில் தலை காட்ட முடியாது. அதனால்தான் யார் வீட்டிலும் தங்காமல் கூடாரம். எனக்குப் பயமாக இருந்தது. அதே நேரம் இவனுக்குத்தான் எவ்வளவு நெஞ்சுரம் என்று ஆசையாகவும் இருந்தது. காலம் முழுக்கச் சீவிக்கப் போகிற மண்ணைக் காலால் மிதித்துப் பார்க்க வேண்டுமென்று எங்களில் வேறு யாருக்குத் தோன்றியது?

கோமாரி தாண்டிப் பொத்துவில் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசிக்கொண்டிருந்தது. கூடாரத்தை நட்டதும் அது கந்தூரி விழாக் கொடி மாதிரிப் படபடத்தது. நான் சோறு ஆக்கினேன். அதாவது, தீக்குச்சிகளை முடித்தேன். மிச்சத்தை ரசீன் ஆக்கினான். மணலும் சோறும் பாதிப் பாதி. அதையும் மாஷா அல்லாஹ் என்று சொல்லித் தின்றோம்.

மறுநாள் காலையில் ரசீன் ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனான். திரும்பி வரும்போது முகம் தொங்கியிருந்தது. "சனம் நல்லம். வயல் நல்லம். ரெண்டு கிணத்தில குடிச்சிப் பாத்தன், தண்ணி உப்பு மச்சான். காலம் பூரா எப்பிடிக் குடிக்கிற?" இல்லை என்றே வாப்பாவிடம் சொல்லப் போவதாகச் சொல்லிவிட்டுக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

அப்போதுதான் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு மணலில் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கரியரில் துணியால் மூடிய சோற்றுப் பாத்திரம், கையில் ஒரு செம்பு. சலாம் சொன்னார். பிறகு, துணிக்கடையில் நிற்கிறவர் போலக் கூடாரத்தின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டிப் பார்த்தார்.

"மருதமுனைப் புடவை" என்றார்.

எவ்வளவு பெரிய மடையர்கள் நாங்கள்! எங்கள் பக்கம் நெய்த துணியெல்லாம் புடவைதான்; இது மூட்டை வியாபாரிகள் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிற துணி. இந்தக் கரையில் எந்தப் பெண்ணும் அதை அரைக் கண்ணால் பார்த்தே ஊர் சொல்லிவிடுவாள். மருதமுனை நெசவுக்காரனுக்குப் பெண் பேசியிருக்கிற ஊரில், மறைந்து பார்க்க வந்த மருதமுனை நெசவுக்காரன், தான் நெய்த துணியையே கொடியாகக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கிறான்.

அவர் எங்கள் பெயரைக் கேட்கவில்லை. எதற்கு வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. கச்சானைப் பற்றியும் மீன்பாட்டைப் பற்றியும் கதைத்தார். நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் செம்பை ரசீனிடம் நீட்டினார்.

"இது எங்கட வளவுக் கிணத்துத் தண்ணி. குடிச்சிப் பாருங்க மனே."

ரசீன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் குடித்தான். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்தான். அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன் குடித்ததில்லை. கடலிலிருந்து கல்லெறி தூரத்தில் இளநீர் போல ஊறுகிற கிணறு!

சைக்கிளைத் திருப்பும்போது அவர் சொன்னார்: "பாத்திரத்தப் பள்ளிவாசல்ல வெச்சிட்டுப் போங்க. வீட்ட வரத் தேவையில்ல."

அந்த மனிதரை இன்றைக்கும் நினைத்து வியக்கிறேன். அவர் பெண்ணின் வாப்பா என்பது எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகவும் ரசீனுக்கு ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வரும் வழியில், பின்னாலிருந்தவன் காற்றை மீறிக் காதுக்குள் கத்தினான். "மச்சான், நான் ஓம் எண்டு சொல்லப் போறன்!"

கலியாணத்துக்குப் பிறகுதான் மிச்சக் கதை தெரிய வந்தது. வேலி இடுக்கால் துணியைக் கண்டுபிடித்தது பெண்தான், பெயர் சித்தி நிஹாறா. கோபப்பட்ட வாப்பாவை அவள்தான் தடுத்திருக்கிறாள். "காலம் பூரா இரிக்கப் போறவர் பாக்காம வேற ஆரு பாக்கிற? ஊர்க் கிணத்துத் தண்ணியக் குடிச்சிப் பாத்துத் திரியிறாராம், நம்மட தண்ணியக் கொண்டு போய்க் குடுங்க வாப்பா" என்றாளாம். கூடாரம் பிறகு அவர்களுடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஏணைத் தொட்டிலானது. எத்தனை முறை துவைத்தும் அந்த மண்ணெண்ணெய் மணம் போகவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள்.

சுனாமி வந்து கடல் ஏறிய அந்த மார்கழியில் வீடு போனது. பிள்ளைகள் தப்பியது அல்லாஹ்வின் காவல். கிணற்றை மணல் மூடிவிட, தோண்டியபோது உப்பு ஊறியது. மருதமுனைக்கே திரும்பி வந்துவிடு என்று ரசீனைக் கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். "உங்கள எல்லாம் கட்டிக் குடுத்தாங்க. நான் பாத்திட்டு வந்தவன் மச்சான்" என்றான். ரோட்டுக்கு மேற்கே சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள்.

அந்தக் கொழும்புப் பிள்ளைகளைக் கண்ட மறுநாளே பஸ் ஏறிப் போனேன். ரசீன் தொழுகைக்குப் போயிருந்தான். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற நிஹாறா ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டு வந்து தந்தாள். பைப் தண்ணீர், மருந்து மணந்தது. முழுவதையும் குடித்துவிட்டு, நல்லாயிருக்கு என்றேன்.

"பொய் சொல்லாதீங்க காக்கா" என்றாள். "நீங்களும் அந்தத் தண்ணி குடிச்சவர்தானே."