பட்டியலில் இல்லாத ஆறு எண்கள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினெட்டு வருடமாக ஸ்ட்ரெட்சர் தள்ளுகிறவர் சீதாலெட்சுமி. எந்தச் சக்கரம் இடது பக்கம் இழுக்கும், எந்த லிஃப்ட் மூன்றாம் மாடியில் முரண்டு பிடிக்கும் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும்.

போன மாதம் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலை ஒன்றில் வாயுக் கசிவு. ஒரே நேரத்தில் பதினோரு பேரைக் கொண்டுவந்தார்கள். வீட்டிலிருந்த டாக்டர்கள், தாதிகள் எல்லாருக்கும் ‘உடனே வரவும்’ என்று குறுஞ்செய்தி பறந்தது. வந்து குவிந்தார்கள். ஆனால் பணியிலிருந்த இரண்டு அட்டெண்டன்ட்டுகள் எத்தனை பேரைத்தான் தள்ளுவார்கள்? சீதாலெட்சுமிக்கு அன்று ஓய்வு. பக்கத்துப் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. நேப்பாளத் தொழிலாளி ஒருவர் வாசலிலேயே இருபத்தைந்து நிமிடம் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம்.

மறுநாளே சீதாலெட்சுமி மேலாளர் சுகுமாறன் முன்னால் போய் நின்றார். செய்தி போகும் பட்டியல் அவர் கைப்பேசியில்தான் இருந்தது.

“எங்க ஆறு பேர் நம்பரையும் சேருங்க போஸ்.”

“அட்டெண்டன்ட்டுக்கு எதுக்குக்கா மெசேஜ்? டாக்டரும் நர்ஸ் மிஸ்ஸியும் வந்தா போதும்லா.”

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதே ‘போதும்லா’.

இந்த வாரம் அவசரகால ஒத்திகை. நோயாளியாகப் படுக்க சுகுமாறனே முன்வந்தார். நெற்றியில் சிவப்புச் சாயம், கழுத்தில் பட்டை, உடம்புக்குக் குறுக்கே மூன்று வார். காலை பத்து மணிக்கு அவரே செய்தியைத் தட்டிவிட்டார். மேலே டாக்டர்கள் கையுறை மாட்டிக் காத்திருந்தார்கள். கீழே வாசலில் அவர் படுத்திருந்த ஸ்ட்ரெட்சர் வெயிலில் நின்றது. சுவரோரம் சீதாலெட்சுமியும் மற்ற ஐந்து அட்டெண்டன்ட்டுகளும் கையைக் கட்டிக்கொண்டு.

“தள்ளுங்கக்கா!”

“மெசேஜ் வரலையே போஸ்.”

“வேலை போயிடும், சொல்லிட்டேன்!”

“போகட்டும். அன்னிக்கு அந்த ஆளு இதே இடத்துல இருபத்தஞ்சு நிமிஷம் கிடந்தாரு. உங்களுக்கு இன்னும் ஏழுகூட ஆகல.”

“நல்ல வெயிலுதான் போஸ், உடம்புக்கு நல்லது,” என்றார் கூட நின்ற கன்னையா.

சுகுமாறன் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். பட்டை விடவில்லை. கைப்பேசியை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

“சரி, நம்பரைச் சொல்லுங்க.”

ஆறு எண்களையும் சீதாலெட்சுமி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“இப்ப அனுப்புங்க.”

ஆறு சட்டைப் பைகள் அதிர்ந்தன. சீதாலெட்சுமி தன்னுடையதை எடுத்து முழுதும் படித்தார். ‘உடனே வரவும்.’ அப்புறம்தான் காலால் பிரேக்கைத் தட்டிவிட்டார்.

“கெட்டியா பிடிச்சுக்குங்க போஸ். இது இடது பக்கம் இழுக்கும்.”