விரல் நீட்டிச் சொன்னவர்

ஜெர்மனியில், எர்லாங்கன் நகரத்தில் இருக்கும் எங்கள் ஆய்வகத்துக்கு ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அங்குள்ள ஒரு பீங்கான் கம்பெனி அவரை ஒரு வருடத்துக்கு அனுப்பியிருந்தது. அடித்தளத்தில் இருந்த பழைய வெற்றிட உலையை நாங்கள் இருவரும்தான் இயக்குவோம். உலையை மூட்டும் முன் அவர் ஒவ்வொரு வால்வின் முன்னாலும் போய் நிற்பார். கையை நீட்டி, விரலால் சுட்டி, தன் மொழியில் உரக்கச் சொல்வார். “குளிர்நீர், திறந்திருக்கிறது!” “கதவு, பூட்டியிருக்கிறது!” அறையில் நான் ஒருத்திதான் இருப்பேன். யாருக்காக இந்தக் கூப்பாடு என்று எனக்குச் சிரிப்பாக வரும்.

கேட்டபோது விளக்கினார். நீராவி எஞ்சின் காலத்து ரயில் ஓட்டுநர்களிடமிருந்து வந்த வழக்கமாம். கண் பார்த்ததைக் கை காட்டி வாய் சொன்னால் மனம் ஏமாற்றாது என்றார். பிறகு அது தொழிற்சாலைகளுக்கும் வந்துவிட்டதாம்.

நான் மரியாதையாகத் தலையாட்டினேன். ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. கேன்டீனில் நம்மூர்க் கூட்டத்தின் நடுவே உட்கார்ந்து தட்டை நோக்கி விரலை நீட்டினேன். “உருளைக்கிழங்கு உருண்டை, இருக்கிறது! உப்பு, இல்லை!” எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தமிழ் தெரியாத இரண்டு பேரும் சிரித்தார்கள், ஏனென்றால் நான் செய்துகாட்டியது யாரை என்று புரிய மொழி தேவைப்படவில்லை. சிரிப்பு சட்டென்று நின்றதும் திரும்பிப் பார்த்தேன். அவர் தட்டோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தார். லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் குரல் கேட்கவில்லை. வால்வுகளைக் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஒரு வாரம் நினைத்தேன். அப்புறம் அந்த அமைதி எனக்கே பழகிவிட்டது. உள்ளதைச் சொன்னால், சௌகரியமாகவும் இருந்தது.

மூன்று வாரம் கழித்து அது நடந்தது. அவருடைய மூன்று மாத உழைப்பு மொத்தமும் உலைக்குள் இருந்தது. குளிர்நீரைத் திறக்க வேண்டியது என் வேலை. அன்று போனில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டே வந்த நான் திறக்கவில்லை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டு போன அவரும் அதைக் கவனிக்கவில்லை. தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் வசதி அந்தக் கிழட்டு உலைக்குக் கிடையாது. கதவின் ரப்பர் வளையம் உருகி, காற்று உள்ளே புகுந்து, மாதிரிகள் அத்தனையும் கருகிப்போயின. அவர் ஊருக்குத் திரும்ப ஐந்து வாரம்தான் இருந்தது. கம்பெனி அவரை அனுப்பியதே அந்த மாதிரிகளுக்காகத்தான்.

அன்று சாயங்காலம் தம்பியிடம் போனில் புலம்பினேன். அவன் ஈரோட்டில் ரயில் உதவி ஓட்டுநர். கேன்டீன் கதையையும் மறைக்காமல் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

“நாங்களும் தினமும் அதான்க்கா பண்றோம். சிக்னல் பாத்ததும் கையக் காட்டி ‘பச்சை’ன்னு ஒருத்தர் சொல்லணும், இன்னொருத்தர் திருப்பிச் சொல்லணும்.”

“இதை நீ என்கிட்ட சொன்னதே இல்லையேடா?”

“நீ கேட்டதே இல்லையே. அது சரி, அவர் சொன்னப்போ நீ பதில் சொல்வியா?”

ஒருநாளும் சொன்னதில்லை. என் தம்பிக்குச் சோறு போடுகிற வேலையைத்தான் ஜப்பான்காரரின் கோமாளித்தனம் என்று இத்தனை நாள் சிரித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேராசிரியர் என்ன நடந்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஜப்பான்காரர் எழுந்துவிட்டார். “நான் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டேன். என் தவறு” என்று இடுப்பு வளையக் குனிந்தார். ஏன் நிறுத்தினார் என்று சொல்லவில்லை. ஜெர்மன்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேசாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். என் ஒப்பந்தம் நீட்டிப்புக்குக் காத்திருந்த நேரம் வேறு. ஆனாலும் எழுந்தேன்.

“தண்ணீரைத் திறக்காதது நான். கேலி செய்து அவர் வாயை மூடியதும் நான்.”

அவர் காதுகள் சிவந்துவிட்டன. வெளியே வந்ததும் நன்றி சொல்வார் என்று நினைத்தேனே, என்ன அசட்டுத்தனம்! “எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டாம். எனக்குச் சங்கடமாகிவிட்டது” என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவரே பேசினார். “எங்கள் கம்பெனியில் மற்றவர்களுக்காகப் பலமுறை இப்படிக் குனிந்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் மறுநாள் காபி வாங்கித் தருவார். அத்தோடு அந்தப் பேச்சே எழாது. கூட எழுந்து நின்றது நீங்கள் ஒருவர்தான்.” சந்தோஷமாகச் சொன்னாரா, வருத்தமாகவா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள். இருந்த ஐந்து வாரத்தில், உலையைச் சரிசெய்து, பாதி மாதிரிகளைத்தான் எங்களால் மறுபடி செய்ய முடிந்தது. உலையை மறுபடி இயக்கிய முதல் நாள் அவர் குளிர்நீர் வால்வின் முன் நின்று என்னைப் பார்த்தார். நான் விரலை நீட்டினேன். எந்த மொழியில் சொல்வதென்று யோசிக்காமல், “தண்ணி தொறந்திருக்கு!” என்று கத்தினேன். அவரும் விரலை நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி, அதையே திருப்பிச் சொன்னார். கடைசி நாள்வரை அப்படித்தான் நடந்தது.

அவருடைய மேலதிகாரிக்கு நடந்ததை எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். பாதி மாதிரிகளோடு ஊருக்குப் போனார். அங்கேயும் ஒரு கூட்டம் நடந்திருக்கும். அவர் எழுந்து, குனிந்து, என் தவறு என்று சொல்லியிருப்பார். இல்லை, அது என் தவறு என்று சொல்ல அந்த அறையில் நான் இல்லை.