பெருநாள் அன்று மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்

ஸ்விட்சைப் போட்டதும் "ஙொய்ய்ய்..." என்று ஒரு சத்தம் கிளம்பும். சாட்சாத் மாவு மில் சத்தம். நான் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டுத் திரும்பினாலும், ஸ்க்ரீனில் அந்த மணல் கடிகாரம்தான் நின்றுகொண்டிருக்கும்.

மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்ததே ஒரே ஒரு காரணத்துக்காக. என் வீட்டுக்காரர் அப்போது குவைத்தில் இருந்தார். மகள் நிலோஃபர் பிறந்தது அவர் போன பிறகு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் அங்கே நெட் கடைக்குப் போவார். நான் இங்கே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெப்கேம் முன்னால் உட்காருவேன்.

உட்காருவேன்... அவ்வளவுதான். படம் வரும், நிற்கும். வாய் ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் போகும்.

"போன வாரம் பூரா அவ காதைத்தான்மே பாத்துக்கினு இருந்தேன். நடக்க ஆரம்பிச்சிட்டாளாமே, அம்மா சொன்னாங்க. ஒருவாட்டியாச்சும் எனக்குக் காட்டுமே..."

போனில் அவர் இப்படிக் கேட்டார். பிறந்ததைப் பார்க்கவில்லை, முதல் பல்லைப் பார்க்கவில்லை. தத்தித் தத்தி நடப்பதெல்லாம் கொஞ்ச நாள்தான், அப்புறம் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் எப்படியாவது காட்டிவிட வேண்டும்.

விடுவேனா? கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றேன். யாரைக் கேட்டாலும் ஒரு வைத்தியம் சொன்னார்கள். "ரெஃப்ரெஷ் பண்ணு" என்றார்கள்... ரைட் கிளிக், ரெஃப்ரெஷ், ரைட் கிளிக், ரெஃப்ரெஷ் என்று தஸ்பீஹ் மணி உருட்டுகிற மாதிரி உருட்டினேன். டீஃப்ராக் போட்டுவிட்டு நீலக் கட்டம், சிவப்புக் கட்டம் நகர்வதை மதியம் முழுக்க வேடிக்கை பார்த்தேன். பேஜாரு!

கடைசியில் சிபியுவைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் சேகர் என்று ஒரு தம்பி, சிப்காட் கம்பெனிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டர் பார்க்கிறவர். பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்திருந்ததைப் பார்த்து எதிர் சீட்டு அம்மா, "புது கிரைண்டரா?" என்று கேட்டார்.

சேகர் ஃபார்மட் பண்ணினார். புது ராம் போட்டார். கடையில் பறந்தது. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் மறுபடியும் படுத்துவிட்டது. மறுபடி ட்ரெயின், மறுபடி ஃபார்மட்.

"இன்னாக்கா நீ, இங்க சூப்பரா ஓடினுகீது. ஊட்டுல அத்த அப்பிடி இன்னாதான் பண்றீங்க?" என்று அவரே நொந்துபோனார்.

பெருநாள் வந்தது. அன்றைக்கும் என் வீட்டுக்காரர் நெட் கடைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பயந்துகொண்டேதான் ஸ்விட்சைப் போட்டேன்.

என்ன ஆச்சரியமோ, வழக்கமான அந்த ஊளையே இல்லை. படம் பளிச்சென்று வந்தது. புதுச் சட்டையும் தலையில் தொப்பியுமாக அவர் சிரித்தார். நான் நிலோஃபரை இறக்கி, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி சுவரோரம் நிறுத்தினேன். "அத்தா கிட்ட போ, போ..." என்றேன். சுவரை விட்டுவிட்டு, ஆடி ஆடி நேராக நடந்து வந்தாள். டேபிளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

ஸ்க்ரீனில் அவர் அசையவே இல்லை. போச்சுடா, மறுபடி நின்றுவிட்டதா என்று மவுஸைத் தட்டினேன்.

"இன்னாங்க... ஸ்டக் ஆயிடுச்சா?"

"இல்லமே..." என்றார். அப்போதுதான் கன்னத்தில் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. கம்ப்யூட்டர் நிற்கவில்லை. அவர்தான் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் சேகர் பிரியாணி சாப்பிட வந்தார். அவர் எதிரிலேயே என் மாமியார் துவைத்துக் காய்ந்த கவர்களை எடுத்து வந்து, டிவிக்கு ஒன்று, மிக்ஸிக்கு ஒன்று, சிபியுவுக்கு ஒன்று என்று மாட்டினார். எங்கள் ஊரில் கரி லாரி ஓயாது, ஜன்னலைத் திறந்தால் கறுப்புத் தூசி. அதனால் மாமி எல்லாவற்றுக்கும் கவர் தைத்துவிடுவார். சிபியுவுக்குத் தைத்தது ஸ்பெஷல்... வெல்வெட் துணி, ஓரத்தில் சரிகை, பின்பக்கம் ஒயருக்கு மட்டும் ஒரு ஓட்டை. கும்மிடிப்பூண்டி போகும்போது அழுக்காகிவிடும் என்று கழற்றி வைத்துவிட்டுப் போவோம். பெருநாள் அன்று அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

சேகர் வாயில் வைத்த கவளத்தோடு சிரிக்க ஆரம்பித்தார். "யம்மா! இத்தப் போத்திவுட்டா ஃபேன் எப்பிடிமா காத்து இழுக்கும்? உள்ள வெந்துபூடுமே! சூடு ஏறுனா ஸ்லோவாத்தான் ஆவும்!"

மாமி அசரவில்லை. "இத்தனி வாட்டி ரிப்பேர் பண்ணியே, சொல்றதுக்கு இன்னாடா?" என்றார்.

அவர் குவைத்தை முடித்துக்கொண்டு வந்து வெகுநாள் ஆகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இப்போது மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே இருக்கிற எனக்கு வீடியோ கால் போடுகிறார். டீ வேண்டுமாம்! படம் கண்ணாடி மாதிரி தெரிகிறது, ஒரு இடத்திலும் நிற்பதில்லை.

நான் எடுப்பதே இல்லை. முட்டி வலித்தாலும் டீயை எடுத்துக்கொண்டு படியேறிவிடுகிறேன். அந்த முகத்தை ஸ்க்ரீனில் பார்த்ததெல்லாம் போதும்.