புண்ணியகாலத்தில் வேலை செய்த கம்ப்யூட்டர்

சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் காலை ஒன்பது நாற்பத்தொன்றுக்கு என் மைத்துனன் ரவிக்குப் பெண் பார்ப்பது என்று முடிவாகியிருந்தது. பெண் வவுனியாவில். மாப்பிள்ளை புசல்லாவையில். பார்ப்பது கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் – என் வீட்டு ஹோலில், என் கம்ப்யூட்டரில்.

இந்த இடத்திலேயே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டதா? அப்படியானால் உங்கள் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது.

ரவி என் மனைவி சாந்தியின் ஒரே தம்பி. வயது முப்பத்தெட்டு. தேயிலைத் தொழிற்சாலையில் உத்தியோகம். தங்கமான ஆள். ஆனால் ஏழு இடம் பார்த்து ஏழும் தட்டிப்போய்விட்டது. ஓரிடத்தில் ஜாதகம், ஓரிடத்தில் தலைமுடி, இன்னோரிடத்தில் "மாப்பிள்ள வாயத் தொறக்கவே மாட்டேங்கிறாரே" என்று ஒரு குறை. எட்டாவதாக வந்தது தர்ஷினி. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் படிப்பிக்கிற டீச்சர். ஒரு காலத்தில் மலைநாட்டிலிருந்து வவுனியா போய்க் குடியேறிய குடும்பம். படம் பார்த்தாயிற்று, ஜாதகமும் பொருந்தியாயிற்று. இரண்டு பேரும் முகம் பார்த்துப் பேசுவதுதான் பாக்கி.

ஆனால் புத்தாண்டு வாரத்தில் வவுனியாவுக்கு பஸ்ஸை எங்கே தேடுவது? டிரைவரும் கண்டக்டரும் அவரவர் வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள்.

"வீடியோவில பாத்துக்கலாமே" என்றேன் நான். இந்த வாய் சும்மா இருந்தால்தானே!

"போன்ல வேணாங்க" என்றாள் சாந்தி. "போன்ல இவன் மூக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர்ல பார்ப்போம்."

சரி, நல்ல காரியம். முதல்நாளே கம்ப்யூட்டரைத் தயார்படுத்தி வைப்போம் என்று போய் உட்கார்ந்தேன். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு. அப்டேட் வந்திருக்கிறதாம். மூன்று மாதமாக "பிறகு பார்க்கலாம்" என்று நான் தள்ளிக்கொண்டே வந்த அதே அப்டேட். நாளைக்கு நடுவில் வந்து மானத்தை வாங்குவதைவிட இன்றைக்கே முடித்துத் தொலைக்கட்டும் என்று பட்டனை அழுத்திவிட்டு, புத்தாண்டு வழக்கப்படி தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளிக்கப் போய்விட்டேன். வாழ்க்கையில் நான் பொறுப்பாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று. திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. அப்டேட் முடிந்துவிட்டது என்று நிம்மதியாகப் பாற்சோறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே அதைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்றேன். சாந்தி விடவில்லை.

"புது வருசத்துல வேலை தொடங்குற நேரம் ஒம்பது நாப்பத்தொண்ணுங்க. அதுக்கு முந்தி சுவிட்சுல கை வைக்காதீங்க."

"சும்மா போட்டுப் பார்க்கிறதும் வேலையா?"

"பின்ன? அது என்ன விளையாட்டா?"

வாதாடிப் பயனில்லை. எங்கள் வீட்டில் நம்முடைய பஞ்சாங்கமும் உண்டு, பக்கத்து வீட்டுக் குமாரி அக்கா கொடுக்கும் சிங்களச் சுபநேரக் கடதாசியும் உண்டு. இரண்டில் எது கண்டிப்பாக இருக்கிறதோ அதைத்தான் சாந்தி எடுப்பாள். அந்தக் கடதாசியில் வடக்கு நோக்கி உட்காரச் சொல்லியிருந்தது. மேசையைத் திருப்பினோம். வயர் எட்டவில்லை. குமாரி அக்கா வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் கோட் வந்தது. ரவிக்கு நீலச் சேர்ட். கம்ப்யூட்டர் நெற்றியில் சந்தனப் பொட்டு – சரியாகக் கெமராவின் மேல். நல்லவேளை, நான் கண்டு துடைத்துவிட்டேன்.

ஒன்பது நாற்பத்தொன்று. சாந்தி கண்ணைக் காட்டினாள். சுவிட்சைப் போட்டேன்.

கறுப்புத் திரை. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு ஆங்கிலத்தில் ஒரு வசனம். அப்டேட்டை முடிக்க முடியவில்லையாம், செய்ததையெல்லாம் திரும்ப அழிக்கிறதாம், தயவுசெய்து அணைக்க வேண்டாமாம்.



ரவி நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை வாரி, ஒரு சிரிப்பையும் தயாராக முகத்தில் வைத்திருந்தான். அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது.

"மச்சான், இதுவும் போயிருமோ?" என்றான் மெதுவாக.

எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. ஜாதகத்தால் போகட்டும், தலைமுடியால் போகட்டும். என் வீட்டுக் கம்ப்யூட்டரால் போனதென்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதே!

அவசரமாக ரவியின் போனில் வீடியோ கோல் எடுத்தோம். மலைச்சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில் இன்டர்நெட் வயர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்; போனுக்குச் சாதாரண நாளிலேயே சிக்னல் வரும், போகும். புத்தாண்டு முடிந்த மறுநாளும் ஊரே போனில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கேட்க வேண்டுமா? தும்மப்போகிறவன் மாதிரி வாயைத் திறந்தபடி ரவியின் முகம் உறைந்து நின்றது. சாந்தி பாய்ந்து போனைப் பறித்து வீடியோவை நிறுத்தினாள். குரல் மட்டும் போய் வந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தோம்.

"வணக்கம். என்ன பிரச்சினை?" பெண் குரல். தர்ஷினியேதான்.

"கம்ப்யூட்டர்... அப்டேட் ஆகுதுங்க" என்றான் ரவி.

"திரையில என்ன எழுதியிருக்கு? அப்பிடியே வாசியுங்கோ."

வாசித்தான்.

"சரி. இனி ஒண்டையும் தொடாதேங்கோ. அது தானா முடியும். நேற்று அப்டேட் ஓடேக்க ஆரும் பிளக்கை இழுத்தனீங்களோ?"

நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி கூரையைப் பார்த்தாள். பிறகு என் காதருகே வந்து கிசுகிசுத்தாள்.

"நீங்க குளிக்கப் போனப்பதாங்க... புண்ணியகாலம். ஊரே அடுப்ப அணைச்சிட்டுக் கைய கட்டி உக்காந்திருக்கு. அந்த நேரத்துல வேலை செய்யக் கூடாதுன்னு குமாரி அக்கா படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காங்க. இது மட்டும் வேலை செய்யுது! வொர்க்கிங் வொர்க்கிங்னு அதுவே எழுதிப் போட்டிருக்கு! அதான் புடுங்கிட்டேன்."

உலகத்தில் எத்தனை கோடி கம்ப்யூட்டர் இருக்கும்! வைரஸால் செத்திருக்கும், இடி விழுந்து செத்திருக்கும். புண்ணியகாலத்தில் வேலை செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது என்னுடையது ஒன்றுதான்.

"ஹலோ? ஆர் இழுத்தது?" டீச்சர் விடுவதாக இல்லை.

சாந்தி என் விலாவில் இடித்தாள்.

"நான்தான்மா" என்றேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எனக்குள் ஒழுங்காக முடிந்த அப்டேட் இது ஒன்றுதான்.

"இனிச் செய்யாதேங்கோ அண்ணா."

"செய்ய மாட்டேன்மா."

அழித்து முடித்தது. அப்பாடா என்றோம். உடனே அதே அப்டேட்டை ஆரம்பத்திலிருந்து போடத் தொடங்கியது! பூச்சியம் சதவீதம். ஐந்து. ஐந்து. ஐந்து. பிறகு ஏழு. ஏழிலேயே குந்திக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை. என்டரை லேசாக... ஒரே ஒரு தடவை...

"ஆர் கீயைத் தட்டினது?" என்றது போன்.

வவுனியாவில் இருந்துகொண்டு இது கேட்கிறதென்றால், வகுப்பில் பிள்ளைகள் பாடு என்ன? "நான்தான்மா" என்று மறுபடியும் ஒப்புக்கொண்டு கையை மடியில் வைத்துக்கொண்டேன். ரவியின் கை ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. கட்டிய கை அவிழவில்லை. கண் மட்டும் திரையில்.

"இப்ப எத்தின?"

"பன்னெண்டுங்க."

"சரி. அது வரட்டும். நீங்கள் ஃபெக்டரியில என்ன வேலை செய்யிறனீங்கள்?"

"கொழுந்து வாட்டுற பக்கம்ங்க."

"அது வாட எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"பன்னெண்டு, பதினாலு மணித்தியாலம் ஆகுங்க. மழை நாள்ல அதுக்கும் மேல."

"அவ்வளவு நேரமும் நீங்கள் என்ன செய்வீங்கள்?"

"பாத்துக்கிட்டு இருப்பேங்க. அவசரப்பட்டுக் கை வச்சா கொழுந்து கெட்டுப் போயிரும்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். ரவியும் சிரித்தான். முதல் ஏழு இடத்திலும் சேர்த்து இவ்வளவு வார்த்தை அவன் பேசியதில்லை. சாந்தி என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பத்து இருபதோடு சுபநேரம் முடிந்தது. கம்ப்யூட்டர் முப்பத்தொன்பதில் நின்றது. ஒருமுறை தானே அணைந்து, தானே எழும்பி, "கிட்டத்தட்ட முடிந்துவிட்டது" என்று எழுதிக் காட்டியது. இதைவிடப் பெரிய பொய்யை நான் தேர்தல் காலத்தில்கூடக் கேட்டதில்லை. அதற்குள் அங்கே தர்ஷினியின் அப்பா இரண்டு தரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டார். இங்கே நான் எட்டுப் பலகாரம் தின்றிருந்தேன். ரவி மட்டும் அசையவில்லை. "அறுபத்திநாலுங்க" என்பான். "எழுபத்தொண்ணுங்க" என்பான். இடையிடையே அவள் ஏதாவது கேட்பாள், இவன் பதில் சொல்வான். கண்டியில் மழையா, சமைக்கத் தெரியுமா, ஏழு இடமும் ஏன் சரிவரவில்லை... எல்லாம் கேட்டாள். எல்லாம் சொன்னான். தலைமுடி விசயம் உட்பட!

பதினொரு மணிக்கு ஒருவழியாகத் திரை வெளுத்தது. "வந்துருச்சு!" என்று கத்தியேவிட்டேன்.

சாந்தி கெமராவைக் கையால் பொத்தினாள். "நேரம் தப்பிப் போச்சுங்க. இப்ப முகம் பார்க்கக் கூடாது. இன்னொரு நாள் பார்த்து..."

ரவியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சுபநேரக் கடதாசியைக் கிழித்திருப்பேன்.

"அக்கா" என்றது போன். "நல்ல நேரத்தில கதைக்கத் தொடங்கிட்டம்தானே? தொடங்கினால் சரி. மிச்சத்துக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை."

சாந்தி யோசித்தாள். பஞ்சாங்கத்திலும் கடதாசியிலும் இதற்கு மறுப்பு எதுவும் இல்லை. மெல்லக் கையை எடுத்தாள்.

படம் வந்தது. ரவியின் கை அப்போதும் கட்டியபடிதான் இருந்தது. ரவியும் தர்ஷினியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றுமில்லை – எல்லாம்தான் பேசியாயிற்றே! அவள் பக்கத்தில் இருந்த அப்பா தொண்டையைச் செருமினார். "என்ன பிள்ளை? யோசிச்சுச் சொல்லுவம் எண்டு சொல்லட்டோ?"

"என்னத்த யோசிக்கிறது அப்பா? ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றாள் தர்ஷினி. "தொடாதேங்கோ எண்டு ஒருக்காச் சொன்னன். ஒண்டேகால் மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தவர். இப்பிடி ஒரு ஆம்பிளைய நான் இன்னும் காணேல்ல."

சாந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மவுசிலிருந்து கையை எடுத்தேன்.