கெட்டியாகச் சுருட்டிய சீட்டு

மார்க்கெட்டில் மீன் விற்கும் நாங்கள் பதினோரு பேர் மாதம் ஒருமுறை உட்காரும் இடத்துக்குச் சீட்டுக் குலுக்குவோம். ஒன்றாம் நம்பர் வந்தால் வாசலோரம், நல்ல நிழல், சீக்கிரம் கூடை காலி. பதினொன்று என்றால் சாக்கடைப் பக்கம், வெயில் நேராக மீன்மேல் விழும். பத்தாவது வரை படித்தவள் என்பதால் சீட்டு எழுதுவது நான்தான். அன்று ஒன்றாம் நம்பரை மட்டும் மிளகு மாதிரி கெட்டியாகச் சுருட்டினேன்.

எல்லாம் அக்காவுக்காக. கூடப் பிறந்தவள் இல்லை, எங்களோடு மீன் விற்பவள். மூன்று மாதமாகச் சாக்கடைப் பக்கமே அவளுக்கு வந்துகொண்டிருந்தது. அன்றைய குலுக்கலுக்குக் கொஞ்ச நாள் முன்புதான் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அக்காவுக்குப் போன் போட்டேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் ஏலத்தில் எடுத்த மீனை அப்படியே விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு ஆட்டோவில் வந்து கையை நீட்டினாள் அக்கா. மகளும் பேத்தியும் பிழைத்தார்கள். பதிலுக்கு ஒரு நிழலாவது தர வேண்டாமா?

"கெட்டியா ஒண்ணு இருக்கும், அத எடு" என்று காதோடு சொல்லிவிட்டுத் தூக்குச்சட்டியைக் குலுக்கினேன். அக்கா கையை விட்டுத் துழாவினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள், எடுத்தாள். பதினொன்று.

ஒன்றாம் நம்பர் யாருக்குப் போனது தெரியுமா? இரண்டு வருஷமாக என்னோடு பேச்சு வார்த்தையே இல்லாத எதிர்வீட்டுக்காரிக்கு. எனக்கு வந்ததே கோபம், அக்காவை ஓரமாக இழுத்துப் போனேன்.

"உனக்குப் புத்தி இருக்கா? கெட்டியா இருந்தத ஏன் விட்ட?"

"அன்னிக்கு என் ரத்தத்தயா உன் பொண்ணுக்கு ஏத்துனாங்க? எனக்கு வேற குரூப்பு. என்னுத எடுத்து வச்சிகிட்டு, யாரோ குடுத்து வச்சத ஏத்துனாங்க. நர்சம்மாதான் சொன்னாங்க."

"யாரு குடுத்தது?"

"யாருக்குத் தெரியும்? இங்க ஒக்காந்திருக்கிறவளாக்கூட இருக்கலாம். அவ எடத்தப் புடுங்கி எனக்குக் குடுக்கப் பாத்தியே."

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட ஒரு சந்தோஷம் உள்ளே குதித்தது. இந்த ஊரில் இனி யாரைப் பார்த்து நான் முகத்தைத் திருப்ப முடியும்? நேராக வாசலோரம் போய் நின்றேன். எதிர்வீட்டுக்காரி வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ எப்பவாச்சும் ரத்தம் குடுத்திருக்கியா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஏன், உன் பொண்ணுக்கு இன்னும் வேணுமா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தே விட்டாள்.