என் மகள் போட்ட மறைசாட்சி வேஷம்

எங்கள் மாதா கோயிலில் அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்குப் பிள்ளைகள் புனிதர்களைப் போல உடுத்தி வருவார்கள். பத்து வயது என் மகள், கையில் பூவோடு நிற்கும் சாந்தமான யாரையாவது பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டதோ ஒரு மறைசாட்சிச் சிறுமியை. பதின்மூன்று வயது. “கிறிஸ்துவைத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல், வீட்டுக்குப் போகலாம்” என்று நீதிபதி கெஞ்சியும் சொல்லாமல் உயிரை விட்டவள். மறைக்கல்வி வகுப்பில் அந்தக் கதையைச் சொன்னதே நான்தான். அதுவும் எப்படி, கையை ஆட்டி ஆட்டி!

சரி, ஆசைப்படுகிறாளே என்று நீளக் கை வைத்த வெள்ளை அங்கி தைத்தேன். தானே மாட்டிக்கொண்டு வந்தாள். பாலில் ஊற்றிப் பாண்டுங் பானம் கலக்கும் ரோஸ் சிரப்பை ரத்தமாக அவள் கைகளில் தடவிவிட்டேன். ஃபேரர் பார்க் கோயிலுக்கு வரும் ரயிலில் ஒரு சீனப் பெண்மணி பதறிப்போய் டிஷ்யூ நீட்டினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கோயிலில் ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். “சோ க்யூட் லா!”

பாசிர் ரிஸ் வீட்டுக்குத் திரும்பியதும் குளிக்க வைத்தேன். கையைத் தூக்கித் தூக்கி நின்றதில் சிரப் தோள்வரை வழிந்திருந்தது. சிவப்பு கழுவக் கழுவப் போனது. அதற்கடியில் இருந்த நீலம் போகவில்லை. தேய்த்தேன்.

“அம்மா, வலிக்குது.”

ஐயோ! தோள் முழுக்கக் கன்றிப்போன கிள்ளல் தடங்கள்!

“யாருடி? சொல்லு!”

பள்ளிப் பேருந்தில் இரண்டு பெரிய பிள்ளைகளாம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்து இவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பேச்சைக் கேலி செய்வார்களாம்.

“‘ஷீ இஸ் நாட் மை ஃப்ரெண்ட்’னு சொல்லு, விட்டுடுறோம்னாங்க. நான் சொல்லல. டெய்லி கிள்ளுறாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். “அடிப்பாவி! சும்மா வாயால சொல்லிட்டு வர வேண்டியதுதானே! மனசுல இல்லாட்டி என்ன?”

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“அந்த ஜட்ஜும் அதைத்தானேம்மா சொன்னாரு?”

வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போடாமல் கதை கேட்டால் போதும் என்றுதான் இருந்தேன். ஒருத்தி அதை நம்பிவிடுவாள் என்று சத்தியமாக நினைக்கவே இல்லை.

துண்டைப் போர்த்திக் கட்டிலில் உட்கார வைத்தேன்.

“நாளைக்கும் அவ பக்கத்துலதான் உக்காருவேன்” என்றாள். பிறகுதான் குரல் உடைந்தது.

“கதையில அந்த அக்காவோட அம்மா வரவே இல்லையே. நீங்க வருவீங்கல்ல?”